சிக்னல் நிறைய, நெட் மட்டும் நத்தை: ரூட்டர் மோடம் காட்டும் இந்த 105 என்ன?

மாடிப்படி கேட்டது:
வணக்கம். சிம் போடும் 4ஜி ரூட்டர் வைத்திருக்கிறேன். உள்ளே க்வெக்டெல் ஈசி25 மோடம், அதில் ஓடும் மென்பொருள் ஓபன்டபிள்யூஆர்டி. முகப்பில் இருக்கும் ஐந்து விளக்கில் நான்கு எப்போதும் எரிகிறது. வேகம் மட்டும் 4 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதில்லை. மாலையானால் வீடியோ கால் முழுக்க "கேக்குதா, கேக்குதா"தான்.

நேற்று கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ரூட்டருக்குள் நுழைந்து, டிடிஒய்யூஎஸ்பி2 போர்ட்டில் இரண்டு ஏடி கட்டளை (மோடத்திடம் நேரடியாகக் கேட்கும் கட்டளை) கொடுத்தேன். வந்தது இது:

+சிஎஸ்க்யூ: 26,99
+க்யூசிஎஸ்க்யூ: "எல்டிஇ",-61,-95,105,-14

முதல் எண்ணுக்கு 31தான் உச்சம் என்று படித்தேன். அப்படியென்றால் 26 நல்ல சிக்னல்தானே? 99 என்பது சதவீதமா? அந்த 105 என்ன கணக்கு?

எதிரொலி:
26 அருமையான எண். ரூட்டரில் குறையே இல்லை. சிம் கம்பெனிக்குப் புகார் கொடுங்க, இல்லாவிட்டால் ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டுங்க.

அலைநீளம்:
எதிரொலி, கொஞ்சம் பொறுங்க. பல நாடுகளில் அனுமதியில்லாத பூஸ்டர் சட்டவிரோதம். அதை விட்டாலும், இங்கே நோய் வேறு.

மாடிப்படி, முதலில் 99. அது சதவீதம் இல்லை, பிழை விகிதம் "தெரியவில்லை" என்பதற்கான குறியீடு. எல்டிஇயில், அதாவது 4ஜியில், பெரும்பாலும் அப்படித்தான் வரும், கண்டுகொள்ள வேண்டாம். 26ஐ இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் -61. கீழே இருக்கும் அதே -61தான், ஆர்எஸ்எஸ்ஐ. ஆன்டெனா அந்த அலைவரிசையில் வாங்குகிற மொத்த ஆற்றல் அது. உங்கள் டவர், பக்கத்து டவர், இரைச்சல் எல்லாமே அதில் சேர்த்தி. சந்தைக்கு நடுவில் நின்று "எவ்வளவு சத்தம் கேக்குது" என்று அளக்கிற மாதிரி. உங்களிடம் பேசுகிறவர் குரல் புரிகிறதா என்பதை அது சொல்லாது. பல ரூட்டர்களில் விளக்கு எரிவது இதை நம்பித்தான்.

அடுத்தது -95, ஆர்எஸ்ஆர்பி. இது உங்கள் டவரின் அடையாள அலை மட்டும், 15 கிலோஹெர்ட்ஸ் அகலத் துண்டு ஒன்றுக்கு. -90க்கு மேலே நல்லது, -110க்குக் கீழே போனால் திண்டாட்டம். -95 மோசமில்லை.

இப்போது 105. இது எஸ்ஐஎன்ஆர்: உங்கள் டவரின் குரல் மற்ற சத்தத்தைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்ற அளவு. இந்த மோடம் அதை நேரடி டெசிபெல்லாகத் தராமல் 0 முதல் 250 வரை ஓர் அளவுகோலில் தருகிறது. ஐந்தால் வகுத்து 20ஐக் கழியுங்கள்: 21 - 20 = 1. வெறும் 1 டெசிபெல்! உங்கள் டவரின் குரலும் மற்ற சத்தமும் ஏறக்குறைய சமம். 13ஐத் தாண்டினால் நிம்மதி, 20 என்றால் ராஜா. 105ஐப் பார்த்து நூற்றுக்கு நூற்றைந்து என்று சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும். (நானும் ஒரு காலத்தில் அதில் ஒருவன்.)

கடைசி -14, ஆர்எஸ்ஆர்க்யூ. மொத்த ஆற்றலோடு ஒப்பிட்டால் உங்கள் டவரின் அடையாள அலை எவ்வளவு என்பது. இதை நீங்களே சரிபார்க்கலாம். 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 100 வளத் துண்டுகள் (அலைவரிசையைப் பிரித்த பங்குகள்); 100 மடங்கு என்றால் டெசிபெல் கணக்கில் 20. 20 - 95 + 61 = -14. கணக்கு ஒத்துப்போகிறது, மோடம் பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு டவர், அதுவும் முழுப் பளுவில் ஓடினாலே இது -11 பக்கம் வந்துவிடும். அதையும் தாண்டி -14 என்றால் வேறு யாரோ கூடவே கத்துகிறார்கள்.

ஏடி+க்யூஎங் கட்டளையில் "நெய்பர்செல்" கொடுத்தால், கேட்கிற பக்கத்து டவர் செல்களைக் காட்டும். வருவதைப் போடுங்க.

மாடிப்படி:
நீங்க சொன்னது சரி! அதே அலைவரிசை எண்ணில் இன்னொரு செல் -97ல் நிற்கிறது. என்னுடையது -95. ரூட்டர் ஜன்னல் திட்டில் இருக்கிறது. பெரிய ஆன்டெனா மாட்டினால் தீருமா?

அலைநீளம்:
எல்லாப் பக்கமும் வாங்கும் கம்பி ஆன்டெனா என்றால் தீராது. இரண்டு குரலும் சேர்ந்தே ஏறும், வித்தியாசம் அதே 2 டெசிபெல்தான். ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஆன்டெனா உதவும். காசு செலவழிக்கும் முன் இடத்தை மாற்றிப் பாருங்க. இரண்டாவது டவருக்கும் ரூட்டருக்கும் நடுவில் கான்கிரீட் சுவர் வருகிற மாதிரி வையுங்க. ஆர்எஸ்ஆர்பி குறைந்தால் பதற வேண்டாம், எஸ்ஐஎன்ஆர் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்க.

ஒரே ஒரு தடவை அளந்து முடிவு செய்யாதீங்க. எண்கள் சும்மாவே இரண்டு மூன்று டெசிபெல் ஆடும். ஒவ்வோர் இடத்திலும் வைத்து, தள்ளி நின்று, பத்து தடவை எடுங்க. பக்கத்தில் நின்றால் உங்கள் உடம்பே மறைக்கும்.

கம்பியில்லாதவன்:
பேண்டைப் பூட்டிவிடலாமே, அதாவது ரூட்டர் ஒரே அலைவரிசைப் பட்டையை மட்டும் பயன்படுத்தும்படி? வேறு பேண்டில் அந்த இரண்டாவது செல் இல்லாமல் இருக்கலாம். எனக்கு அதில்தான் விடிவு கிடைத்தது. ஆனால் பூட்டிய பேண்ட் ஒருநாள் பராமரிப்புக்காக நின்றால் ரூட்டர் வேறெங்கும் போகாமல் மௌனமாகிவிடும். வீட்டில் இல்லாத நேரத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம், மோடத்தை நிர்வகிக்கும் மோடம்மேனேஜர் மென்பொருளை ஓட்டுகிறவர்கள், அதன் கட்டளைக் கருவியான எம்எம்சிஎல்ஐயில் முதலில் சிக்னல்-செட்டப் கொடுத்து எத்தனை நொடிக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்று சொல்லுங்க. அதைச் செய்யாமல் சிக்னல்-கெட் கேட்டால் விவரமே வராது.

மாடிப்படி:
மூன்று இடம் பார்த்தேன். சமையலறை மேல்தட்டு உருப்படவில்லை, எஸ்ஐஎன்ஆர் 1லேயே நின்றது, பக்கத்திலேயே ஃபிரிட்ஜ். கூடத்தில் 4, 5. பின்னறை அலமாரியின் மேல் வைத்ததும்:

+சிஎஸ்க்யூ: 21,99
+க்யூசிஎஸ்க்யூ: "எல்டிஇ",-71,-101,155,-10

155ஐ வகுத்துக் கழித்தால் 11. பக்கத்துச் செல் -113க்குப் போய்விட்டது. நேற்று மாலை அதே நேரத்தில் 31 எம்பிபிஎஸ் வந்தது. பேண்ட் பூட்டும் வேலையை இப்போதைக்குத் தொடவில்லை. அலைநீளம், ரொம்ப நன்றி.

ஒரே தொல்லை: விளக்கு இப்போது மூன்றுதான் எரிகிறது. அப்பா இரண்டு தடவை ரூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் வைத்துவிட்டார்.

அலைநீளம்:
விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்க.