வெயிலில் கிளேஸ் (மண்பாத்திரத்தின் கண்ணாடிப் பூச்சு) விரிசல் விடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். புதுச்சேரியில் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்ட கெட்டி மண்பாண்டம்) கோப்பைகள் செய்து திறந்தவெளிச் சந்தைகளில் விற்கிறேன். சூளையிலிருந்து எடுக்கும்போது கிளேஸ் பளிங்கு மாதிரி இருக்கிறது. சந்தையில் ஒரு பகல் வெயில் பட்டால் ‘டிங் டிங்’ என்று சத்தம், உள்ளே முழுக்க மயிரிழை விரிசல். காபி ஊற்றினால் அடியில் ஈரம் கசிகிறது என்று வாங்கியவர்கள் திருப்பித் தருகிறார்கள். மனசு கேட்கவில்லை.

மின்சூளை, கோன் 6 (சூளைச் சூட்டைக் குறிக்கும் அளவு), சுமார் 1220 டிகிரி. சோடா ஃபெல்ட்ஸ்பார் (கிளேஸை உருகவைக்கும் கனிமத் தூள்) கலந்த பழைய கிளேஸ்தான். களிமண் மட்டும் புது லோடு. கிளேஸில் சிலிக்கா (குவார்ட்ஸ் தூள்) 5% கூட்டினேன், மெல்லிசாகப் பூசினேன், 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே சூளையைத் திறந்தேன். விரிசல் குறைந்தது, நிற்கவில்லை. கிளேஸ் பூசாத துண்டைக் கொதிக்கவைத்து எடைபோட்டால் 4% தண்ணீர் இழுக்கிறது. அதனால் எனக்குச் சந்தேகம் மண்மேல்தான்.

பொங்கல் சந்தைக்குள் எதை மாற்றுவது: களிமண்ணையா, கிளேஸையா?