நீளும் மின்முனை: தங்கப் படலமா, திரவ உலோகமா?

வைகைக்கரை: மதுரை மாணவர்கள் கேட்டது: மணிக்கட்டில் ஒட்டி, தசையின் மின்சைகையைப் பிடிக்கிற உணரி, 20% நீளணும், 10,000 இழுப்பு தாங்கணும். என் கட்சி தங்கம். சில்கார்ட் 184-ங்கிற சிலிகான் ரப்பரின் மூலப்பொருளையும் இறுக்கியையும் எடையில் 10:1 கலந்து, குமிழ் அடங்கும்வரை வெற்றிடத்தில் வைத்து, 70 டிகிரியில் 2 மணி நேரம் இறுக விடுங்க. மேலே 5 நானோமீட்டர் குரோமியம், 50 நானோமீட்டர் தங்கம். இந்த உலோகங்களை மெதுவாப் படிய வையுங்க. சூடானா சிலிகான் விரிஞ்சு, ஆறும்போது அது சுருங்கிப் படலத்தில் சுருக்கம் விழும். நுண்விரிசல் தெரிஞ்சா பயப்பட வேண்டாம். குட்டி விரிசல்களுக்கு நடுவே தங்கம் வலையாத் தொடர்வதால்தான் அது நீளுது. தடிமனை ஏற்றினாத்தான் வம்பு: நீள விரிசல் ஓடி, கோடே அறுந்துடும்.

மாசிவீதி: அண்ணே, விரிசலை நம்பி வேலை பார்க்கிறதுக்கு, விரிசலே விழாத பொருளை எடுக்கலாமே? திரவ உலோகம்தான் என் கட்சி: எடையில் காலியம் 75.5, இண்டியம் 24.5 பங்கு சேர்ந்த கலவை. சுமார் 15.5 டிகிரியிலேயே உருகிடும். சிலிகான் குழாயில் அடைச்சா 20% இழுப்புக்கு மின்தடை 1.2-இன் வர்க்கம், அதாவது 1.44 மடங்கு. விட்டதும் பழைய நிலை.

வைகைக்கரை: கொடைக்கானல் குளிரில் உறைஞ்சா?

மாசிவீதி: தோல் சூட்டில் எங்கண்ணே உறையும்? தவிர, உருகுநிலைக்குக் கொஞ்சம் கீழே போனாலும் பல நேரம் அது உடனே உறையாமத் திரவமாவே நிற்கும்.

வைகைக்கரை: சரி, வெளிக்கம்பியை இணைக்க முனையில் என்ன மாட்டுவீங்க? தங்கத்தை அது கரைச்சுக் கலவையாக்கும், அலுமினியத்தை நொறுங்க வைக்கும். குழாய் கிழிஞ்சா வெளியே வழியும். உடம்புக்குள்ள வைக்கிற சாதனத்துக்கு இதை நான் ஒத்துக்கமாட்டேன்.

மாசிவீதி: முனைக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போதும். கிழிசல் விஷயத்தில் நீங்க சொல்றது சரி, உள்பொருத்தலுக்கு நானும் வாதாடலை.

சிந்தாமணி: ரெண்டு பேரும் நடுக்கோட்டுக்கே சண்டை போடுறீங்க. பெரும்பாலும் அறுறது கம்பி சேரும் இடம். விறைப்பைப் பார்த்தா தங்கம் 79 ஜிகாபாஸ்கல், சிலிகான் 2 மெகாபாஸ்கல் பக்கம். மென்மையும் கடினமும் சந்திக்கிற ஓரத்தில்தான் இழுவை குவியும். அந்த இடத்தில் சிலிகானைச் சரிவாத் தடிமனாக்கி, பட்டைக்கு வெளியே போகும் கம்பியை வளைவுக்கோடா விடுங்க.

இன்னொண்ணு: சிலிகான் தன் வழியா நீராவியை ஊடுருவ விடும். அதனால நீர் புகாதுன்னு நினைக்காதீங்க. சிலிகானும் உலோகமும் ஒட்டுற இடத்தில் இடைவெளி இல்லாம இருந்தா நீராவி வந்தாலும் துளியாத் தேங்காது. தூசு, எண்ணெய் படிஞ்ச இடத்தில்தான் தேங்கிக் கசிவு ஆரம்பிக்கும். 0.9% உப்புநீரில் 37 டிகிரியில் ஊறவைச்சு, ஊறும்போதே இழுத்துப் பாருங்க. தனித்தனியாச் சோதிச்சா ரெண்டும் தேறும், சேர்த்தாத் தோற்கலாம்.

வைகைக்கரை: ஊறும்போதே இழுக்கிறதா? மோட்டாரைத் தொட்டிக்கு மேலே வைச்சு, கவ்வியை மட்டும் நீரில் இறக்கணும். கவ்வி எஃகா இருந்தா அதுவே இன்னொரு மின்முனை ஆகிடும், பிளாஸ்டிக்கில் போடுங்க.