ஜன்னலுக்கு உள்ளே இன்னொரு ஜன்னல், திறக்கவே முடியவில்லை

புதுக்குடித்தனம்:
போன வாரம்தான் இந்த வீட்டுக்கு வந்தோம். படுக்கையறை ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடி போட்டிருக்கிறார்கள். வெளி ஜன்னலின் கொக்கி நடுவில் மாட்டிக்கொண்டது, கை எட்டவில்லை. தள்ளினேன், இழுத்தேன், அசையவில்லை. உள்ளே நீர் வேறு கோத்திருக்கிறது. அவசரம்.

உளி:
பக்கவாட்டில் நகர்வதா, மேலே ஏறுவதா, கீல் வைத்ததா? கீழே பள்ளம் இருக்கிறதா? ஸ்க்ரூ எங்கே தெரிகிறது? ஒரு படம் போடுங்களேன்.

மாடிவாசி:
இது காந்தப் பட்டையால் சட்டத்தில் ஒட்டி நிற்பதுதான். மூலையில் நகத்தை விட்டு மெதுவாக உரித்தால் வந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் எடுக்கிறோம்.

பழைய கை:
தம்பி, இது இங்கே பலமுறை பேசியதுதான், தேடிவிட்டுக் கேட்டிருக்கலாம். காந்தத்தில் நிற்பது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக். விரலால் தட்டுங்கள். மந்தமாகக் கேட்டால் அக்ரிலிக், கணீரென்றால் கண்ணாடி. இதுகூடத் தெரியாமல் உரிக்கப் போனால் கையைத்தான் கிழித்துக்கொள்வீர்கள்.

புதுக்குடித்தனம்:
கணீரென்கிறது. இரண்டு பலகம், கீழே இரண்டு பள்ளம். ஸ்க்ரூ வெளிச் சட்டத்தில் மட்டும்.

உளி:
அப்படியென்றால் ஸ்லைடிங். சட்டத்து ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், மொத்தமும் சுவரை விட்டு வந்துவிடும். முதலில் இரண்டு பலகமும் சேரும் இடத்தில் தாழ் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பள்ளத்தில் உள்ள தூசியைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டு, பக்கவாட்டில் நகர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டுமென்றால் உள்பக்கப் பலகத்தை நேராக மேலே தூக்குங்கள். மேல் பள்ளம் ஆழமாக இருக்கும், அதற்குள் ஏறும். கீழ் விளிம்பு பள்ளத்தை விட்டு வந்ததும் உங்கள் பக்கம் இழுத்து இறக்குங்கள். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ இருக்கும், தனியாகத் தூக்க வேண்டாம்.

மாடிவாசி:
நீருக்கு ஒரே வழி, உள்ளும் வெளியும் சிலிக்கான் பூசி அடைத்துவிடுவது.

பழைய கை:
தப்பு. அறையின் ஈரக்காற்று உள்கண்ணாடி ஓரமாக நுழைந்து, குளிர்ந்த வெளிக்கண்ணாடியில் பட்டு நீராகிறது. உள்பக்கம்தான் இறுக்கமாக இருக்க வேண்டும். வெளி ஜன்னலில் கொஞ்சம் காற்று போய்வர விட வேண்டும்.

மாடிவாசி:
காற்று போனால் சத்தமும் வருமே? பக்கத்தில் சாலை இருந்தால் என்ன செய்வது?

பழைய கை:
சத்தத்தைக் குறைப்பதில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. சூட்டைக் காக்க 20 மி.மீ. போதும், சத்தத்துக்கு 100 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும். இரண்டு கண்ணாடியும் வேறு வேறு தடிமனாக இருந்தால் இன்னும் நல்லது.

மாடிவாசி:
எங்களுடையதில் அவ்வளவு இடைவெளி கிடையாது, ஆனாலும் சத்தம் நன்றாகவே குறைந்திருக்கிறது.

பழைய கை:
குறையாது என்று நான் சொல்லவில்லை. சொன்னதை ஒழுங்காகப் படியுங்கள்.

நிலவொளி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அது படுக்கையறை. தீப்பிடித்தால் அந்த ஜன்னல் வழியாக இறங்க வேண்டி வரலாம். திறந்ததும் வீட்டில் எல்லோரும், பிள்ளைகளும்தான், ஒருமுறை கையால் திறந்து பழகிக்கொள்ளுங்கள்.

புதுக்குடித்தனம்:
திறந்துவிட்டது. நடுவில் சின்னத் தாழ் இருந்தது, மேலே பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். உளி அண்ணா, நன்றி.

உளி:
மகிழ்ச்சி. அந்த நீர் எந்தக் கண்ணாடியில், எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லுங்கள்.

உளி:
இருக்கிறீர்களா?