வீட்டு மீடியா சர்வர்: ஹோம்ஸ்டே டிவி, திறந்த போர்ட், கல்யாண வீடியோ – கண்டதும் சரிசெய்ததும்

வீட்டு மீடியா சர்வர் என்றால் சொந்தப் படங்களையும் வீடியோக்களையும் வைத்து வீட்டு டிவி, மொபைலுக்கு அனுப்பும் கணினி. அதைப் பற்றி நான்கு ஊர்க்காரர்கள் பேசுகிறார்கள். பேசுபவரின் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்ப் பெயர்.

கம்பம்மெட்டு:
குமுளி, மூணாறு பக்கத்து ஹோம்ஸ்டேக்களில் அடிக்கடி கண்ணில் படுவது இது. வீட்டுக்காரர் தனக்கென்று ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டிருப்பார். அப்புறம் அதே ஆப்பை நாலு அறை டிவியிலும் ஏற்றிவிடுவார். கேட்டால், "எல்லாம் காசு கொடுத்து வாங்கிய டிவிடிதானே?" வாங்கியது வட்டை மட்டும்தான். அறை அறையாகக் காட்டும் உரிமை அதோடு சேர்ந்து வராது.

1957 காப்புரிமைச் சட்டம், பிரிவு 2(எஃப்எஃப்) விளக்கக் குறிப்பைப் படியுங்கள். கேபிள் போன்ற வழிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் அது பொதுமக்களுக்கு அளிப்பதாகவே கொள்ளப்படும். ஹோட்டல், ஹாஸ்டல் தங்கும் அறைகளும் அதில் அடக்கம். "ஆளுக்கொரு படம், ஆளுக்கொரு நேரம்" என்று வாதாடவும் வழியில்லை. அவரவர் தேர்ந்தெடுக்கும் இடமும் நேரமும் 2012 திருத்தத்திலேயே உள்ளே வந்துவிட்டன. தெரிந்தே மீறினால் பிரிவு 63: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியது: அறை டிவிகளைத் தனி கெஸ்ட் வைஃபைக்கு மாற்றி, கிளையண்ட் ஐசொலேஷனை (ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று அணுகாமல் தடுப்பது) ஆன் செய்யுங்கள். சர்வர் வீட்டு நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும். விருந்தினர் தங்கள் ஓடிடி கணக்கில் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் கிளம்பியதும் டிவியில் லாக்-அவுட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் மறந்துவிட்டுப் போகிறார்கள்.

கொல்லங்கோடு:
கம்பம்மெட்டு அண்ணா சொன்னது வீட்டுக்கு வெளியே போகும் கதை. வீட்டுக்குள் பார்ப்பதற்குப் பிரிவு 52(1)(அ) துணை நிற்கிறது: சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு. ஆனால் "டிவிடியை நகலெடுத்துக்கொள்ளலாம்" என்று வெளிப்படையாக எழுதிய வரி சட்டத்தில் கிடையாது. பல டிவிடிகளில் நகலெடுப்பதைத் தடுக்கும் சிஎஸ்எஸ் என்ற மின்னணுப் பூட்டு இருக்கும். பூட்டை உடைப்பதைப் பற்றிய பிரிவு 65ஏ, உரிமையை மீறும் நோக்கம் இருந்ததா என்று பார்க்கிறது. அதனால் வட்டையும் உறையையும் பில்லையும் வைத்திருங்கள். நகலெடுத்துவிட்டு வட்டைப் பழைய கடையில் போட்டால் உங்கள் வாதத்தின் கால் உடைந்தது.

பாலக்காட்டு வீடுகளில் தமிழும் மலையாளமுமாக அலமாரி நிறைய விசிடிதான் கிடக்கிறது. அதில் பூட்டே இல்லை, தலைவலி வேறு. வட்டில் படம் இருக்கும் டாட் (.dat) ஃபைலைக் கணினிக்கு இழுத்துப் போட்டால் பாதியில் பிழை வரும். விசிடியின் வீடியோ செக்டர்களில் (வட்டில் தகவல் எழுதப்படும் சிறு பகுதிகள்) பிழைதிருத்தத் தகவல் கிடையாது, கீறல் பட்டால் டிரைவ் திணறும். விசிடிஇமேஜர் மென்பொருளோடு வரும் விசிடிஎக்ஸ்ரிப் கருவியால் எடுங்கள். கிடைப்பது 352×288 அளவில் எம்பெக்-1 என்ற பழைய வீடியோ வடிவம். பிரௌசரில் நேராக ஓடாது, சர்வர் ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்கோட் செய்யும், அதாவது ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றும். ஒரே ஒருமுறை எச்.264 என்ற பரவலான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை விட்டது.

நகரி பக்கம்:
சட்டத்தைவிட இங்கே அதிகம் மாட்டிக்கொள்வது போர்ட் விஷயத்தில். போர்ட் என்பது சர்வருக்குள் போகும் எண்ணிட்ட வாசல். வெளியூரிலிருந்து பார்க்க, ரவுட்டரில் ஜெல்லிஃபினின் போர்ட்டான 8096-ஐத் திறந்துவிட்டு "பாஸ்வேர்ட் இருக்கிறதே" என்று இருப்பார்கள். அது எச்டிடிபி, பாஸ்வேர்ட் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமலேயே போகிறது. மேலும், ஜெல்லிஃபினில் சில முகவரிகள் லாகின் கேட்காமலே பதில் சொல்லும் என்பது அதன் டெவலப்பர்களே பட்டியலிட்டு வைத்திருக்கும் குறை. வீடியோவின் ஐடி, ஃபைல் இருக்கும் பாதையிலிருந்து கணக்கிடப்படுவது. எல்லாரும் ஒரே மாதிரி கோப்புறைப் பெயர் வைத்தால் ஊகிப்பது எளிது.

ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் (பல வாடிக்கையாளர்களுக்கு இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பகிர்வது) பின்னால் இருக்கிறீர்கள், போர்ட் திறந்தும் பயனில்லை. அதற்காக நிம்மதி அடைய வேண்டாம். ஐபிவி6 (புதிய தலைமுறை இணைய முகவரி முறை) இருந்தால் சர்வருக்கே பொது முகவரி கிடைத்திருக்கும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று மொபைல் டேட்டாவிலிருந்து சோதியுங்கள். கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியை அணையுங்கள்.

வழி: வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு மறையாக்கப்பட்ட பாதை போடும் விபிஎன். அதற்கு வயர்கார்டு (யுடிபி போர்ட் 51820), சிஜிநாட் என்றால் டெய்ல்ஸ்கேல். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகும் டனல் சுலபம்தான், ஆனால் மறையாக்கம் அவர்கள் சர்வரில் அவிழ்ந்து மீண்டும் கட்டப்படுகிறது. குடும்பப் படங்களுக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. சொந்த டொமைனுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் இலவச எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கினால் துணைப்பெயர் (டொமைனுக்கு முன்னால் வரும் பெயர்) பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் தேடலாம். டிஎன்எஸ் சவால் (டொமைன் உங்களுடையது என்று அதன் டிஎன்எஸ் பதிவில் காட்டுவது) வழியாக, எல்லாத் துணைப்பெயருக்கும் பொதுவான வைல்ட்கார்டு சான்றிதழ் வாங்குங்கள்.

பழைய பதிப்பை ஓட்டாதீர்கள். பாஸ்வேர்ட் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-ல் நடந்த ஊடுருவலில் வழியாக அமைந்தது அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் அப்டேட் செய்யாமல் கிடந்த பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருள்.

மார்த்தாண்டம்:
எங்கள் பக்கம் சர்வர் வைப்பதே கல்யாண வீடியோவுக்கும் கல்ஃப் சொந்தங்களுக்கும்தான். ஸ்டுடியோக்காரர் "காப்பிரைட் எங்களுடையது" என்று மிரட்டுவதுண்டு. பிரிவு 17(பி)-யின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் போடாதவரை. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணியில் ஒட்டிய சினிமாப் பாட்டு தனி. அதன் உரிமை உங்களுக்கு வராது. வீட்டில் ஓடினால் யாரும் கேட்கப்போவதில்லை, யூடியூபில் ஏற்றினால் தானாகவே பிடிபடும்.

ஜெல்லிஃபினில் லைப்ரரி வகையை "ஹோம் வீடியோஸ்" என்று வையுங்கள். "மூவீஸ்" என்று வைத்தால் ஃபைல் பெயரை டிஎம்டிபி என்ற இணையத் திரைப்படத் தகவல் தளத்துக்கு அனுப்பித் தேடும். மாப்பிள்ளை, பெண் பெயர் வெளியே போவதோடு சம்பந்தமில்லாத போஸ்டரும் வந்து ஒட்டிக்கொள்ளும். சொந்தங்களுக்குத் தனித்தனி பயனர், அந்த ஒரு லைப்ரரிக்கு மட்டும் அனுமதி. படங்களை லிங்க்காகப் பகிரும்முன் எக்ஸிஃப் இடக்குறிப்பை (எங்கே எடுத்தது என்று ஃபைலுக்குள் பதிந்திருக்கும் தகவல்) நீக்குங்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்குப் பொருந்தாது. அதனால் பதிவு, நோட்டீஸ் என்று பயப்பட வேண்டாம்.

கொல்லங்கோடு:
ஒன்று விட்டுப்போச்சு. டிஸ்க் கெட்டு வாரண்டிக்குக் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அதோடு போகிறது. டேட்டா டிஸ்க்கை முதலிலேயே லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் மறையாக்க வசதி) போட்டு மறையாக்கம் செய்யுங்கள். இங்கே மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்டு நிற்காமல் இருக்க, சாவி ஃபைலை ஓஎஸ் இருக்கும் எஸ்எஸ்டியில் வைக்கலாம். டிஸ்க் மட்டும் வெளியே போனால் இது காக்கும், பெட்டியோடு திருடு போனால் காக்காது. டிஸ்க் மவுண்ட் ஆன (கணினியோடு இணைந்து திறந்த) பிறகே ஜெல்லிஃபினை ஓட்டும் டாக்கர் எழும்படி, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் எழுதிவிடுங்கள். முந்திக்கொண்டு எழுந்தால் ஜெல்லிஃபினுக்குக் காலிக் கோப்புறைதான் தெரியும்.