ஜியோகேச்சிங் லொக்: பதிவிட முன் எப்படிப் பார்த்துத் திருத்துவது? (கார்மின் பைல், தமிழ் எழுத்து, தேதிப் பிரச்சினை)

வெள்ளவத்தை_வடதிசை

வணக்கம். ஜியோகேச்சிங்கில் (ஜிபிஎஸ் வைத்து, மற்றவர்கள் ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டு) காலிமுகத்திடல், பேரை வாவிப் பக்கம் எடுத்த நாலு கேஷுக்கு (ஒளித்து வைத்த பெட்டி) லொக் (கண்டதைத் தளத்தில் எழுதும் பதிவு) போட்டனான். கார்மின் ஜிபிஎஸ் கருவியில் இருந்த விசிட்ஸ் பைலை (எடுத்த கேஷ்களின் பதிவு) நோட்பேடில் திறந்து, மூன்றாவதுக்கு மட்டும் தமிழிலும் மற்றதுக்கு ஆங்கிலத்திலும் குறிப்பு எழுதி, சேமித்து ஏற்றினேன். ஒன்றையும் திறந்து பார்க்காமல் நேரே பதிவிட்டது என் பிழை. இப்போது:

முதல் லொக்கில் முதல் வரி மட்டும் தலைப்பு மாதிரிப் பெரிய எழுத்தில் நிற்குது. இரண்டாவதில் தேதி ஒரு நாள் முந்தி. எடுத்தது சனி விடிய 5.10க்கு, காட்டுறது வெள்ளி. மூன்றாவதில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. நாலாவது மட்டும் சரி.

மூன்றையும் பிறகு திருத்திட்டேன். ஆனால் கேஷ் உரிமையாளர் (அதை ஒளித்து வைத்தவர்) கேள்விக்குறியைத்தான் கண்டிருக்கிறார், "என்ன எழுதினீங்கள்?" என்று கேட்கிறார். பதிவிட முன்பே எல்லாத்தையும் பார்த்துத் திருத்த ஒழுங்கான வழி என்ன?

திசைகாட்டி

உரிமையாளருக்கு ஏன் பழையது போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. லொக்கைப் பதிவிட்ட உடனே அதன் எழுத்து அப்படியே மின்னஞ்சலாக அவருக்குப் போய்விடும். பிறகு நீங்கள் எத்தனை முறை திருத்தினாலும் கேஷ் பக்கத்தில்தான் மாறும், இன்னொரு மின்னஞ்சல் போகாது. எனவே திருத்த வேண்டிய இடம் டிராப்ட், அதாவது இன்னும் பதிவிடாமல் சேமித்து வைத்த லொக். (பழைய ஆட்கள் 'பீல்ட் நோட்ஸ்' என்று சொல்வதும் இதையேதான்.) டிராப்ட் உங்கள் கணக்குக்குள் மட்டும் இருக்கும், வேறு யாருக்கும் தெரியாது.

களத்தில் செயலியில் எழுதினால் பதிவிடாமல் டிராப்டாகச் சேமியுங்கள். நாலைந்து சொல் போதும்: கொள்கலன் எப்படி இருந்தது, உள்ளே பெயர் எழுதும் தாள் ஈரமா, பக்கத்தில் ஆள் நடமாட்டம் எப்படி. வீட்டுக்கு வந்து கணினியில் கணக்குப் பக்கத்தின் டிராப்ட் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக எழுதி முடியுங்கள். கைபேசியில் பெருவிரலால் எழுதியதைப் பெரிய திரையில் ஒருதரம் வாசித்தாலே பாதிப் பிழை கண்ணில் படும். எழுதும் பெட்டியோடு இருக்கும் 'பிரிவியூ'வை (முன்னோட்டம்) அழுத்திப் பார்க்காமல் பதிவிட வேண்டாம். மூன்று விஷயத்தை மட்டும் பாருங்கள்: தேதி, லொக் வகை, முதல் வரி.

முதல் வரி ஏன் என்றால், லொக் எழுத்து மார்க்டவுன் முறையில் (சில குறிகளை வைத்து எழுத்துக்கு வடிவம் தரும் முறை) வடிவம் பெறுகிறது. "200ஆவது கேஷ்" என்று காட்ட வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி (#) போட்டிருப்பீர்கள். வரித் தொடக்கத்து ஹேஷ் என்றால் மார்க்டவுனுக்கு அது தலைப்பு. ஹேஷுக்கு முன் ஒரு பின்சாய்கோடு (\) போட்டால் குறி குறியாகவே நிற்கும். அல்லது ஒரு சொல்லை முன்னால் போட்டு எழுதுங்கள், அதுதான் சுலபம்.

இதே குடும்பத்தில் இன்னும் சில. "8. காலை" என்று எண், புள்ளி, இடைவெளியோடு வரி தொடங்கினால் அது எண்ணிட்ட பட்டியலாகிவிடும், புள்ளிக்கு முன் பின்சாய்கோடு. ஒரு வரிக்குக் கீழே அழகுக்காகச் சிறுகோடுகளை வரிசையாகப் போட்டால் மேல் வரி தலைப்பாகும். நாலு இடைவெளி விட்டுப் பந்தி தொடங்கினால் அது நிரல்கட்டமாக (கணினி நிரலைக் காட்டும் பெட்டி) மாறும். தமிழில் பந்தி தொடங்கும்போது உள்ளே தள்ளி எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பந்தி பிரிக்க நடுவில் ஒரு வெற்று வரி விடுங்கள், அது போதும்.

கொட்டாஞ்சேனை_குறிப்பேடு

கேள்விக்குறிக்குக் காரணம் நோட்பேடில் சேமித்த விதம். கார்மின் அந்த விசிட்ஸ் பைலை யூடிஎப்-16 குறியாக்கத்தில் (எழுத்தைக் கணினி சேமிக்கும் முறை) எழுதுகிறது. நீங்கள் 'சேவ் அஸ்' கொடுக்கும்போது கீழே உள்ள பெட்டியில் ஆன்சி என்ற பழைய குறியாக்கம் தெரிவாகி இருந்தால், தமிழ் எழுத்துக்கு அங்கே இடமே இல்லை, ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகும். அப்படிச் சேமித்த பைலில் இருந்து தமிழை மீட்கவும் முடியாது. பைலைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அது கேஷ் குறியீடு, நேரம், வகை மூன்றையும் சுமந்து வரட்டும். தமிழை டிராப்டில் எழுதுங்கள். கட்டாயம் தொட வேண்டுமென்றால் அதே யூடிஎப்-16இல் சேமியுங்கள். குறிப்பு இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும், ஆகவே குறிப்புக்குள் இன்னொரு இரட்டை மேற்கோள் போட வேண்டாம்.

தேதி: பைலில் எழுதப்படுவது நம்முடைய நேரம் இல்லை, உலகப் பொது நேரம். இலங்கை அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தி. சனி விடிய 5.10 என்பது அங்கே வெள்ளி இரவு 23.40. அது மாற்றப்படாமல் வந்தால் தேதி வெள்ளிதான். விடிய 5.30க்கு முன் எடுத்த எதற்கும் டிராப்டில் தேதியைக் கையால் சரிபாருங்கள். வெயிலுக்கு முன் காலிமுகத்திடலுக்குப் போகிறவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும்.

ஏற்றிய பிறகு பைலைக் கணினிக்கு நகர்த்திவிட்டு, கருவியில் உள்ளதை அழியுங்கள். கருவி புதியதொன்றை உருவாக்கும். விட்டு வைத்தால் பழைய பதிவுகளும் அடுத்த முறை டிராப்டுக்குள் வந்து குவியலாம்.

வெள்ளவத்தை_வடதிசை

மிக்க நன்றி இருவருக்கும். பார்த்தேன், ஆன்சிதான் தெரிவாகி இருந்தது. பைலைத் தொடாமல் டிராப்டில் எழுதிப் பார்த்ததில் தேதியும் பிரிவியூவும் சரியாக வருது. இன்னும் இரண்டு கேள்வி. நீளமான லொக் ஒன்று 4000 எழுத்து எல்லையைத் தாண்டுது என்கிறது, நான் எண்ணினால் அவ்வளவு இல்லை. மற்றது, ஒளித்து வைத்த இடத்தைத் தமிழில் எழுதி ரொட்13ஆல் மறைக்கலாமா?

பனையோலை

எண்ணிக்கை இரண்டு வகை. "காலிமுகத்திடல்" நமக்கு 8 எழுத்து: கா, லி, மு, க, த், தி, ட, ல். கணினிக்கு 14, ஏனென்றால் கால், விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். இந்தக் கணக்கில் 4000 என்பது தமிழில் ஏறத்தாழ 2300 எழுத்துத்தான். டிராப்டிலேயே வெட்டிக் குறையுங்கள்.

ரொட்13 தமிழுக்கு உதவாது. அது ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்தையும் 13 இடம் தள்ளி மாற்றும் முறை. தமிழ் எழுத்தை அது தொடாது, நீங்கள் மறைத்ததாக நினைத்தது அப்படியே வெளியே தெரியும். இடத்தை லொக்கில் எழுதாமல், உரிமையாளருக்குத் தளத்தின் செய்திப் பெட்டியில் அனுப்புங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர்கள் கவனிக்க: சொற்செயலியில் தமிழாகத் தெரிந்தாலும், லொக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

திசைகாட்டி

ஒன்று விட்டுப் போச்சு. உரிமையாளரின் கவனம் தேவை என்ற லொக்கை மற்றதைவிட மெதுவாகப் போடுங்கள். அதை அழித்தாலும் கேஷ் பக்கத்தில் விழுந்த அடையாளம் தானாகப் போகாது, உரிமையாளர் பராமரிப்பு லொக் போட்டால்தான் போகும். தாள் ஈரம் என்றால் எவ்வளவு ஈரம், எழுத முடிந்ததா, மூடி வெடித்திருக்கிறதா என்று எழுதுங்கள். "நிலைமை மோசம்" என்று மட்டும் எழுதினால் அவர் எதை எடுத்துக்கொண்டு வருவார், புதுத் தாளா, புதுப் பெட்டியா?