கண்மாய்க் கையேட்டுக்கு நான் அனுப்பிய திருத்தம் மூன்று வாரமாகச் சேராமல் நிற்கிறது

மேலூர்ப்பக்கம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மேலூர் வட்டாரத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கண்மாய்களைப் பராமரிப்பது குறித்துத் தன்னார்வலர்கள் பலர் கூடித் தமிழில் எழுதிவரும் திறந்த இணையக் கையேடு ஒன்றுக்குச் சில மாதங்களாகப் பங்களித்து வருகிறேன். அதன் மூல உரை மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு உரைக் கோப்புகளாக, பலர் கூடித் திருத்தும் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. ஃபோர்க் (நமக்கென எடுக்கும் முழு நகல்), கிளை (அதில் தனியாக வேலை செய்யும் வரிசை), கமிட் (மாற்றங்களின் ஒரு பதிவு), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பும் வேண்டுகோள்) என்னும் நான்கையும் என் பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

கையேட்டில் 'உபரிநீர் வெளியேற்றும் அமைப்பு' என்றே எங்கும் எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குக் கலுங்கு என்று பெயர். கண்மாய் நிரம்பிக் கலுங்கின் வழியே தண்ணீர் போனால் மறுகால் பாய்கிறது என்போம். ஆகவே 14 அத்தியாயங்களிலும் அந்தச் சொல்லை மாற்றினேன், மதகு என்றிருந்த இடங்களில் மடை என்று எழுதினேன், கண்ணில் பட்ட ஒற்றுப்பிழைகளையும் திருத்தினேன். கூடவே 32 புகைப்படங்களைச் சேர்த்து, 'திருத்தங்கள்' என்ற ஒரே குறிப்புடன் ஒரே கமிட்டாக அனுப்பினேன். மோதல் இருப்பதாகவும், திருத்தத்தைப் பிரித்து அனுப்பவேண்டும் என்றும் பதில் வந்தது. அதைவிட வியப்பு, நான் தொடாத பத்திகள்கூடச் சிவப்பும் பச்சையுமாக மாறியவைபோலக் காட்டப்பட்டதுதான். தொடாத பத்தி எப்படி மாறும்? செய்த உழைப்பை இழக்காமல் இதைப் பிரிக்க வழியுண்டா?

வைகைக்கரை எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். அதில் இரண்டு சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

முதலாவது, கிட்ஹப்புக்கு அடிப்படையாக இருந்து மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்னும் மென்பொருள் உரையை வரி வரியாக ஒப்பிடுகிறது. இந்தக் கையேட்டில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாகத் தட்டச்சிடப்பட்டிருப்பதால், பத்தியில் ஓர் ஒற்றைச் சேர்த்தாலும் கிட்டின் கணக்கில் பழைய வரி முழுவதும் போய்ப் புதிய வரி ஒன்று வந்ததாகவே ஆகிறது. நீங்கள் கலுங்கு என்று மாற்றிய அதே பத்தியில் வேறொருவர் கலுங்கின் நீளத்தைக் கணக்கிடும் முறையைச் சேர்த்திருக்கிறார். இருவரும் தொட்டவை வெவ்வேறு வாக்கியங்களே என்றாலும், வரி ஒன்றாக இருப்பதால் எதை வைத்துக்கொள்வது என்று கிட்டால் முடிவுசெய்ய இயலவில்லை. மோதல் என்று அவர்கள் சொன்னது இதைத்தான். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இது நேர்ந்திருக்காது. மார்க்டவுனில் இடையே வெற்றுவரி விட்டால்தான் புதிய பத்தி பிறக்கும் என்பதால், வாக்கியந்தோறும் வரியை முறித்தாலும் வாசகருக்குப் பக்கம் முன்போலவே தெரியும்.

இரண்டாவது சிக்கல் தமிழுக்கே உரியது. நீங்கள் உரையைப் பழைய எழுத்துரு ஒன்றுக்கு மாற்றித் திருத்திவிட்டு, மீண்டும் யூனிகோடுக்கு மாற்றி ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு பிடிப்பதால், முதல் வகையில் 'கொ' 6 பைட்டும் இரண்டாம் வகையில் 9 பைட்டும் ஆகிறது. பைட்டுகளை மட்டுமே பார்க்கும் கிட்டுக்கு இவை வெவ்வேறு. ஒகரமோ ஓகாரமோ வராத தமிழ்ப் பத்தி அரிது என்பதால்தான் நீங்கள் தொடாத பத்திகளும் மாறியவையாகத் தெரிகின்றன. இது அழகு சார்ந்த குறை மட்டுமன்று: கையேட்டின் தேடுபெட்டியில் 'கொறடு' என்று தட்டச்சிட்டால் உங்கள் பக்கங்கள் அகப்படாமல் போகக்கூடும்.

என்எஃப்சி என்னும் சீர்மைப்படுத்தலை ஒருமுறை ஓட்டினால் பிரிந்த ஒகர ஓகாரங்கள் ஒன்றுசேர்ந்துவிடும். பைத்தானில் நான்கு வரி நிரல் போதும், எழுதித் தருகிறேன். ஒரே ஓர் எச்சரிக்கை. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகரமும் இட்ட இடங்களை இது சரிசெய்யாது, ஏனெனில் அந்த ளகரம் உண்மையான எழுத்து. 'கெள' என்று வரும் இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'கௌ' என்று மாற்றவும் கூடாது. கண்மாய் மீன்கள் பற்றிய அத்தியாயத்தில் கெளுத்தி இருக்கிறது, அது சிதைந்துவிடும்.

பிரிப்பதற்கு உங்கள் பழைய கிளையைத் தொடவேண்டாம், அது அப்படியே கிடக்கட்டும். ஃபோர்க்கைக் கையேட்டின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் மூலக் களஞ்சியத்தோடு ஒத்திசைத்துவிட்டு, மெயின் என்னும் முதன்மைக் கிளையிலிருந்து புதிய கிளை ஒன்றை எடுத்து, ஒரு வகைத் திருத்தத்தை மட்டும் அதில் செய்து அனுப்புங்கள். இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன்: ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் மின்னஞ்சல் முகவரி பதிவாகி எல்லோருக்கும் தெரியும். அதை விரும்பாவிட்டால் கிட்ஹப் தரும் மறைமுக முகவரியை அமைப்பில் இட்டுக்கொள்ளலாம்.

வெள்ளைப்பலகை எழுதியது:

இவ்வளவும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விக்கியில் தொகு என்பதை அழுத்தினால் வேலை முடிந்தது, அங்கேயும் வரலாறு காக்கப்படுகிறது. கண்மாயைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கணினியைத் தொடாதவர்கள். கிட் என்னும் வேலியைப் போட்டு அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்கள் தமக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்கிறார்கள். ஆசிரியர் ஐயாவுக்காவது பேத்தி இருக்கிறாள்.

தொகுப்பாளர்_ஒருத்தி எழுதியது:

மேற்படிக் கையேட்டின் தொகுப்பாளர்களில் நானும் ஒருத்தி. ஐயா மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்ததற்கு எங்கள் தாமதமும் காரணம். 'பிரித்து அனுப்புங்கள்' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தியது சரியான பதில் ஆகாது.

வெள்ளைப்பலகை சொல்லும் வேலி உண்மைதான். உரைத்திருத்தம் மட்டும் செய்பவர்கள் கிட்டை நிறுவவேண்டியதில்லை. கோப்பின் பக்கத்திலுள்ள பென்சில் குறியை அழுத்தினால் ஃபோர்க்கும் கிளையும் தாமே உருவாகிவிடும். அதுவும் இயலாதவர்கள் சொல்வதைக் கேட்டு மற்றொருவர் எழுதித் தரும்போது, சொன்னவர் யார் என்பதைக் கமிட் குறிப்பில் எழுதச் சொல்கிறோம். ஆனால் விக்கியில் திருத்தம் முதலில் வெளியாகிப் பிறகு சரிபார்க்கப்படுகிறது, புல் ரிக்வெஸ்ட்டில் சரிபார்த்த பிறகே வெளியாகிறது. இந்தக் கையேட்டுக்கு இந்த முன்பின் முக்கியம். கண்மாயில் எந்த மட்டம்வரை தண்ணீர் நிற்கும் என்பதைக் கலுங்கின் உயரம்தான் தீர்மானிக்கிறது. கரையின் மேல்மட்டத்துக்கும் அதற்கும் இடையே விட்டிருக்கும் உயரத்தைக் குறைத்து யாராவது தவறான எண்ணை எழுதி, அதை நம்பிக் கலுங்கின்மேல் கல்லடுக்கி மண்மூட்டை வைத்தால், அடைமழையில் கரை உடையும். அப்படிப்பட்ட எண் ஒரு நாள்கூடப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சுற்றுவழி.

ஐயாவின் திருத்தத்தை நாங்கள் பிரிக்கச் சொன்னதும் அதனால்தான். ஒற்றுப்பிழைத் திருத்தத்தை ஐந்து நிமிடத்தில் படித்துச் சேர்த்துவிடலாம். சொல்மாற்றத்துக்கு விவாதம் வேண்டும். இரண்டும் ஒரே கமிட்டில் இருந்தால் எளியதும் அரியதோடு சேர்ந்து காத்துக்கிடக்கும். பின்னால் சொல்மாற்றத்தை மட்டும் ரிவர்ட் செய்து பழையபடி ஆக்கவேண்டி வந்தாலும், ஒற்றுப்பிழைகளும் கூடவே திரும்பிவிடும். 'திருத்தங்கள்' என்ற குறிப்புக்குப் பதிலாக 'கலுங்கு அத்தியாயம்: உபரிநீர் அமைப்பு என்பதைக் கலுங்கு என்று மாற்றியது, மதுரை வட்டார வழக்கு' என்று எழுதினால், இரண்டு ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் காரணம் விளங்கும்.

சொல்லைப் பொறுத்தவரை நான் ஐயாவின் பக்கம். 'உபரிநீர் வெளியேற்றும் அமைப்பு' என்பது அலுவலகக் கோப்பிலிருந்து வந்த தொடர், கண்மாய்க்கரையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எனினும் வடமாவட்டங்களில் கண்மாயே ஏரியாகிவிடுகிறது, கலுங்கைக் கலங்கல் என்கிறார்கள். அங்கே மதகு என்பதுதான் புழங்கும் சொல், அதைத் தவறென்று சொல்ல இயலாது. ஆகையால் இதற்கு முதலில் ஓர் இஷ்யூ, அதாவது கிட்ஹப்பில் ஒரு விவாத இழை, திறந்து பேசுவோம்.

புகைப்படங்களில்தான் எனக்கு உண்மையான தயக்கம். சில படங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தவைபோலத் தெரிகின்றன. கையேடு கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளிவருகிறது; எவரும் எடுத்தாளலாம், படைத்தவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிரவேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த அனுமதியைப் படம் எடுத்தவர்தான் தரமுடியும். மேலும் பெரிய படங்கள் ஒருமுறை மெயின் கிளையில் சேர்ந்துவிட்டால், பிறகு நீக்கினாலும் களஞ்சியத்தின் வரலாற்றிலிருந்து போகமாட்டா. நகலெடுக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சுமையை இறக்கிக்கொள்ளவேண்டும். நீங்களே எடுத்த படங்களில் ஐந்தாறை மட்டும் அளவு குறைத்து அனுப்புங்கள்.

மேலூர்ப்பக்கம் எழுதியது:

தம்பி வைகைக்கரைக்கும் தொகுப்பாளர் அம்மாவுக்கும் நன்றி. உரையைப் பழைய எழுத்துருவில் திருத்தினேன் என்பதைத் தம்பி எப்படிக் கண்டுபிடித்தார் என்று முதலில் திகைத்தேன். விளக்கத்தை இரண்டாம் முறை படித்த பிறகே புரிந்தது. கெளுத்தியைக் காப்பாற்றியதற்குத் தனி நன்றி.

சென்ற சனிக்கிழமை புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தம்பியைச் சந்தித்து, மூன்று மணிநேரம் உடனிருந்து வேலையைப் பிரித்தோம். ஒற்றுப்பிழைகளுக்கு ஒரு கிளை, வாக்கியத்துக்கு ஒரு வரியாக முறித்ததற்கு ஒரு கிளை, கலுங்குக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று. பெரியாற்றுத் தண்ணீரைக் கால்வாய்களுக்கு முறைவைத்துத் திறப்பதுபோல ஒன்று சேர்ந்த பிறகே அடுத்ததை அனுப்பவேண்டும் என்று தம்பி சொன்னார், அப்படியே செய்கிறேன். ஒற்றுப்பிழைகள் அன்றிரவே சேர்ந்துவிட்டன. வாட்ஸ்அப் படங்களை விலக்கிவிட்டேன். அவற்றை எடுத்தவர்களில் இருவர் எங்கள் ஊர்தான், நேரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வேன். மடை, மதகு குறித்து நான் பிடிவாதம் பிடிக்கவில்லை, ஆனால் கலுங்கை விட்டுக்கொடுக்க மனமில்லை.

வரி முறித்த கிளையில் ஒரு கவலை. அது சேர்ந்தால் கையேட்டின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே என் பெயர் வந்துவிடுமாமே? பிறர் எழுதியதற்கு நான் உரிமை கொண்டாடியதுபோல ஆகிவிடாதா? பழைய புல் ரிக்வெஸ்ட்டை என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நியாயமான கவலைதான், ஐயா. எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார் என்று காட்டும் கட்டளைக்குக் கிட்டில் ப்ளேம், அதாவது பழி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கையேடு எழுதுபவர்களோ அதைப் பெருமை சேர்க்கும் கருவியாகத்தான் பார்க்கிறோம். வடிவத்தை மட்டும் மாற்றும் கமிட்டுகளைக் கணக்கில் கொள்ளாதே என்று சொல்லும் வசதி 2019-இல் கிட்டின் 2.23 பதிப்பில் வந்தது. அந்தக் கமிட்டின் 40 எழுத்து அடையாள எண்ணைக் களஞ்சியத்தின் மேலடுக்கில் 'கிட்-ப்ளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்ற பெயருள்ள, முன்னால் புள்ளியிட்ட கோப்பில் எழுதிவிட்டால், கிட்ஹப்பும் அதைத் தாண்டி முந்தைய எழுத்தாளரின் பெயரைக் காட்டும். கமிட் மெயினில் சேர்ந்த பிறகே அதன் இறுதி எண் தெரியும் என்பதால், சேர்த்தவுடன் தொகுப்பாளர் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

தொகுப்பாளர்_ஒருத்தி எழுதியது:

சேர்த்துவிடுகிறேன். பழைய புல் ரிக்வெஸ்ட்டை மூடிவிடுங்கள், ஆனால் மூடுமுன் அதற்குப் பதிலாக வந்த நான்கின் எண்களையும் அங்கே ஒரு குறிப்பாக எழுதுங்கள். கிளையை நான்கும் சேரும்வரை அழிக்கவேண்டாம். கலுங்கு பற்றிய இஷ்யூவில் செங்கல்பட்டுப் பக்கத்து நண்பர் ஒருவர் நேற்றுப் பதில் எழுதியிருக்கிறார்: உடலுரையில் கலுங்கு, ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதன்முறை வருமிடத்தில் கலங்கல் என்ற வடக்கத்திச் சொல், இறுதியில் ஒரு வட்டாரச் சொற்பட்டியல். மடைக்கும் மதகுக்கும் இதே ஏற்பாடு. உங்களுக்குச் சம்மதம் என்றால் அந்தப் பட்டியலுக்கான முதல் கோப்பை நீங்களே திறக்கலாம்.