ஓட்டை அடைத்த ஏஞ்சல் காசு: வாங்கலாமா?

கேள்வி: ஆறுபென்ஸ்
பத்து வருஷமா முதலாம் எலிசபெத்தின் வெள்ளி ஆறு பென்ஸ்களோடவே காலத்தை ஓட்டிட்டேன். தங்கத்துல கை வைக்க இப்பத்தான் துணிச்சல் வந்திருக்கு. லண்டன்ல ஒரு வியாபாரிகிட்ட அந்த ராணி காலத்து ஏஞ்சல்ங்கிற தங்கக்காசு ஒண்ணைப் பார்த்தேன். முன்பக்கம் மிக்கேல் சம்மனசு நாகத்தைக் குத்துறார், பின்பக்கம் கப்பல். சம்மனசு தலைக்கு மேல ஓட்டை போட்டு, அப்புறம் தங்கத்தால அடைச்சிருக்கு. எடை 4.97 கிராம். முழுக்காசு விலையில பாதிதான் சொல்றார்.

பதில்: உரைகல்
எனக்கு உறுத்துறது ஓட்டை இல்லை, அடைச்சதுதான். கண்டமாலை, அதாவது கழுத்துல கட்டி வர்ற நோய், வந்தவங்களை அரசர் தொட்டா குணமாகும்னு அந்தக் காலத்து இங்கிலாந்துல நம்பிக்கை. தொட்ட பிறகு துளையிட்ட ஏஞ்சலை நாடாவில் கோத்துக் கழுத்துல போட்டுவிடுவாங்க. எலிசபெத்தும் இதைச் செஞ்சவங்கதான். அதுக்காக ஓட்டை உள்ளதெல்லாம் ராணி கை பட்டதுன்னு யாராவது கதை விட்டா நம்பாதீங்க. நம்ம காசுமாலை மாதிரி அழகுக்குக் கோத்ததும் உண்டு. அடைச்ச இடத்துல எழுத்தைப் பின்னாடி செதுக்கியிருக்கலாம். லென்ஸ் வெச்சுப் பாருங்க.

எடை 80 கிரெயின், அதாவது 5.18 கிராம் இருக்கணும். சுத்தியலால அடிச்ச காசுக்கு விளிம்புல வரி கிடையாது, ஓரத்தைக் கத்தரிச்சுத் தங்கம் திருடுறது சுலபம். ஓரத்தைச் சுத்தி இருக்கிற எழுத்துகளோட மேல்பகுதி வெட்டுப்பட்டிருக்கான்னு கவனிங்க.

பதில்: தண்ணித்தராசு
மாற்றையும் பாருங்க. ஏஞ்சல் 23 காரட் 3½ கிரெயின் (இங்கே கிரெயின்னா எடை இல்லை, காரட்ல கால்பங்கு), கிட்டத்தட்டச் சொக்கத்தங்கம். நூலில் கட்டித் தண்ணியில தொங்கவிட்டா உங்க காசு 0.26 கிராம் குறையணும். 22 காரட்டா இருந்தா 0.28. வித்தியாசம் அவ்வளவுதான், அதனால மூணு தசமம் காட்டுற தராசு வேணும். அடைச்ச காசுல ஒட்டவெச்ச பற்றாசும் சேர்ந்து கணக்கைக் குழப்பும்.

ஆறுபென்ஸ்
போய்ப் பார்த்தேன். அடைப்பு மேல இருந்த எழுத்து மட்டும் ஒல்லியா, மத்ததோட ஒட்டாம நின்னுது. திருப்பிக் கொடுத்துட்டேன். அதே கடையில திறந்த ஓட்டையோட இன்னொண்ணு, 4.9 கிராம். விலை கூடத்தான். ஆனா ஓட்டையின் மேல்விளிம்பு நாடா பட்டுப் பட்டு வழவழன்னு தேஞ்சிருக்கு. அதை எடுத்துட்டேன்.